முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்: இருவகைச் சிகிச்சைக்கு நோயாளியை ஆயத்தப்படுத்தும் முறை

பாடத்தின் நோக்கம்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிறு சுரப்பி. அது சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியில், சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து அமைந்திருக்கிறது. விந்துவோடு கலக்கும் நீரைச் சுரப்பதே அதன் வேலை. இச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வருவது, மெல்ல வளர்வது. தொடக்கத்தில் வலி இல்லாமையால், பலர் அதை அறிந்து மருத்துவமனையை அடையும்போது நோய் இடுப்பெலும்பிற்கும் முதுகெலும்பிற்கும் பரவியிருக்கக் காண்கிறோம். இந்நிலையையே முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் என்கிறோம்.

இந்நிலையில் உள்ளவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையையும் கீமோதெரபி எனப்படும் வேதிமருந்துச் சிகிச்சையையும் சேர்த்து அளிக்கும் முறை கடந்த பத்தாண்டுகளில் நிலைபெற்றுள்ளது. மருந்தைத் தேர்ந்து செலுத்துவது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் நோயாளி அச்சிகிச்சையை இடையில் கைவிடாமலும் ஆபத்தின்றியும் முடிப்பது, மருந்து தொடங்குமுன் உள்ள சில வாரங்களில் செய்யும் ஆயத்தத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. அந்த ஆயத்தத்தில் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் ஆற்றக்கூடிய பணி யாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

பெங்களூரின் அனுபவம்

பெங்களூரு நகரில் ஓசூர் சாலையை ஒட்டிக் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவ நிலையம் அமைந்துள்ளது. மத்திய அமைச்சராக விளங்கிய ரஃபி அகமது கித்வாய் அவர்களின் பெயர் தாங்கிய இந்நிலையம் 1973-இல் தொடங்கப்பெற்றது. 1980-இல் தன்னாட்சி பெற்றது. கருநாடகத்தின் மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய தமிழகப் பகுதிகளிலிருந்தும், ஆந்திரத்தின் எல்லைப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். கோலார் தங்கவயலின் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுவே அணுகத்தக்க பெரிய நிலையம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ், நகர மக்களிடையே தோன்றும் புற்றுநோய்களைக் கணக்கிடும் பணி பெங்களூரில் 1982 முதல் நடைபெற்று வருகிறது. பெங்களூரு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் புராஸ்டேட் புற்றுநோயும் ஒன்று என்பது அப்பதிவேட்டினால் தெளிவாகிறது. மக்களின் ஆயுள் நீளுமளவிற்கு இந்நோயைக் காண நேர்வதும் பெருகும் என எதிர்பார்க்க வேண்டும்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஓசூர் பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியோ அதனினும் இருமடங்கிற்கு மேல். சிகிச்சை நாளில் நோயாளி மருத்துவமனையில் சில மணி நேரமே இருக்கிறார். எஞ்சிய இருபது நாட்களும் அவர் இருப்பது தம் வீட்டில். ஆபத்து நேர்வதும் பெரும்பாலும் அந்த இருபது நாட்களில்தான். ஆதலின் இச்சிகிச்சையின் பாதிப் பகுதி ஊரில் நடைபெறுகிறது என்றே கொள்ளலாம்.

ஹார்மோன் சிகிச்சை என்பது யாது?

விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோன், புராஸ்டேட் புற்றணுக்களுக்கு உரம் போன்றது. சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்பவருடன் சேர்ந்து, இந்த ஹார்மோனை அகற்றினால் பரவிய நோயும் ஒடுங்குகிறது என்பதை 1941-இல் காட்டினார். இக்கண்டுபிடிப்பிற்காக ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹார்மோனைத் தடுக்க இன்று இரு வழிகள் உள. ஒன்று, விரைகளை அறுவையால் நீக்குதல். இது ஒரே முறை செய்வது; செலவு குறைந்தது; ஒரு நாளைக்குள் பலன் தருவது. மற்றொன்று, மாதம் ஒருமுறையோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ ஊசி போடுதல். ஊசி முறையில் மறந்தால் பலன் கெடும்; ஆதலின் ஊசி போடவேண்டிய நாளைக் குறித்துவைத்தல் அவசியம். அன்றியும், ஊசிகளுள் ஒருவகை முதல் ஓரிரு வாரங்களில் ஹார்மோனைக் குறைப்பதற்கு மாறாகச் சிறிது உயர்த்தும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு இவ்வுயர்வு தீங்கு விளைக்கலாம். அதைத் தடுக்கவே சில மாத்திரைகளை மருத்துவர் முன்கூட்டியே தொடங்குகிறார். ‘ஊசி போட்டாயிற்றே, மாத்திரை எதற்கு?’ என்று நோயாளி அதை நிறுத்திவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் ஏன் சேர்த்தல் வேண்டும்?

ஒரு வயலில் களை மண்டியிருப்பதாகக் கொள்வோம். நீரை நிறுத்தினால் பெரும்பாலான களைகள் வாடிவிடும். ஆனால் வறட்சியைத் தாங்கும் சில களைகள் எஞ்சி நின்று, காலப்போக்கில் வயல் முழுவதும் பரவும். ஹார்மோன் சிகிச்சை நீரை நிறுத்துவதைப் போன்றது. முதலில் நல்ல பலன் தரும். சில ஆண்டுகளில் ஹார்மோனின்றியே வளரக் கற்ற அணுக்கள் தலைதூக்கும். அவை பெருகுமுன் தொடக்கத்திலேயே கொத்திக் களைவதே வேதிமருந்தின் பணி.

இதற்குப் பயன்படும் மருந்து டோசிடாக்சல். ஐரோப்பிய ‘யூ’ மரத்தின் இலைகளிலிருந்து எடுக்கும் பொருளைக்கொண்டு உருவாக்கப்பெற்றது. ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்குழல்கள் தோன்றிப் பின் கலைய வேண்டும். இம்மருந்து அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. அணு பிரிய இயலாமல் மடிகிறது. விரைந்து பிரியும் நல்ல அணுக்களும் இதற்குத் தப்புவதில்லை. எலும்பு மஜ்ஜையிலும், மயிர்க்கால்களிலும், வாயின் உட்சவ்விலும் உள்ள அணுக்கள் அத்தகையவை. மருந்தின் பக்கவிளைவுகள் எங்கே தோன்றும் என்பதை இதிலிருந்தே ஊகித்தறியலாம்.

அமெரிக்காவில் 790 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று, 2015-இல் வெளியான ‘சார்டெட்’ என்னும் ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 44 மாதங்களாகவும், டோசிடாக்சலையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 57.6 மாதங்களாகவும் இருந்தது. நோய் மிகுதியாகப் பரவியிருந்தோரிடையே இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகக் காணப்பட்டது: 32.2 மாதங்கள், 49.2 மாதங்கள். குறைவாகப் பரவியிருந்தோரிடம் அத்தகைய தெளிவான பலன் தென்படவில்லை. ‘ஸ்டாம்பீட்’ என்னும் பிரிட்டிஷ் ஆய்வும் சேர்த்தளித்தலின் நன்மையை உறுதிசெய்தது.

2022-இல் வெளியான ஆய்வுகள், இவ்விரண்டுடன் அபிராடிரோன் அல்லது டாரொலூட்டமைட் என்னும் மாத்திரையையும் சேர்ப்பதால் மேலும் நன்மை உண்டெனக் காட்டின. ஆகவே இன்று தகுதியுள்ளோருக்கு மூன்றையும் சேர்த்தளிப்பது விரும்பப்படுகிறது. உடல் மிகத் தளர்ந்தவர்க்கு வேதிமருந்தைத் தவிர்த்து, ஹார்மோன் தடுப்புடன் மாத்திரையை மட்டும் அளிப்பதும் உண்டு. எனவே, பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த சிகிச்சையைத் தமக்குக் கொடுக்கவில்லையே என்று எவரும் வருந்தவேண்டியதில்லை.

ஆயத்தத்திற்குரிய காலம்

சார்டெட் ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை தொடங்கி 120 நாட்கள் வரை ஆனவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாதெனில், ஹார்மோன் சிகிச்சையை உடனே தொடங்கிவிட்டு, அதன்பின் சில வாரங்களில் உடலைச் செப்பனிட்டு, வேதிமருந்தைத் தொடங்கலாம் என்பதே. பதற்றமும் வேண்டா, மாதக்கணக்கில் தள்ளிப்போடுதலும் வேண்டா. அவ்வாரங்களில் செய்யவேண்டியன பின்வருமாறு:

1. இரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்களுள் நியூட்ரோஃபில் என்னும் வகை, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,500-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். டோசிடாக்சலைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். எனவே பிலிருபின் அளவு இயல்பைவிட மிகுந்திருந்தால் மருந்து தரப்படுவதில்லை. மதுப்பழக்கம் உடையவர் அதை மறையாது மருத்துவரிடம் கூறவேண்டும்.

2. சிறுநீர்ப் பாதை. பெருத்த சுரப்பி சிறுநீரைத் தடுத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கக்கூடும். தேவையாயின் முதலில் குழாய் வைத்து அடைப்பை நீக்குவர்.

3. மறைந்துள்ள தொற்றுகள். மஞ்சட் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ்-பி கிருமி உடலில் உறங்கிக்கிடந்தால், சிகிச்சையின்போது அது விழித்தெழலாம். முன்பு காசநோய் வந்திருப்பின் அதையும் கூறவேண்டும்.

4. பற்கள். சொத்தைப் பற்களையும் ஈறு நோய்களையும் முன்னரே சீர்செய்துகொள்ள வேண்டும். எலும்பை வலுப்படுத்த ஸோலெட்ரானிக் அமிலம் என்னும் ஊசி தரப்படலாம்; அதன்பின் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமற்போகும் அபாயம் உண்டு. புகையிலையையும் வெற்றிலைபாக்கையும் இத்தருணத்திலேயே நிறுத்துதல் நன்று. வாய்ப்புண் வந்தபின் நிறுத்துவதால் பயன் குறைவு.

5. நீரிழிவும் இரத்த அழுத்தமும். டோசிடாக்சலுக்கு முன்னர்த் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை சர்க்கரையை உயர்த்தும். ஹார்மோன் குறைவும் நாளடைவில் உடற்பருமனையும் நீரிழிவையும் கூட்டும். ஆதலின் சர்க்கரையை முன்கூட்டியே கட்டுக்குள் கொணர வேண்டும்.

6. தடுப்பூசி. எவை தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டு, இயன்றால் முதல் மருந்து நாளுக்கு இரு வாரங்கள் முன்னரே போட்டுக்கொள்ளல் வேண்டும். உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகளைச் சிகிச்சைக் காலத்தில் போடலாகாது.

7. பிற மருந்துகள். வீட்டில் உண்ணும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து, சூரணம், லேகியம் உட்பட, ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டவேண்டும். அவற்றுள் சில, கல்லீரலில் டோசிடாக்சலோடு மோதக்கூடியவை.

8. உயரமும் எடையும். உடலின் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்னும் கணக்கில் மருந்து அளக்கப்படுகிறது. எடை வெகுவாகக் குறைந்தாலோ, கால் வீங்கி எடை கூடினாலோ உடனே அறிவிக்க வேண்டும்.

சிகிச்சையின் நாட்காட்டி

மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாக ஆறு முறை மருந்து செலுத்தப்படுகிறது. முதல் மருந்து நாளை 1 எனக் கொண்டால், அடுத்தவை 22, 43, 64, 85, 106 ஆகிய நாட்களில் வரும். இடையில் தடையேதும் நேராவிடின், கடைசி மருந்தின் மூன்று வாரங்களையும் சேர்த்து, மொத்தம் பதினெட்டு வாரங்களில் சிகிச்சை முடியும். ஹார்மோன் சிகிச்சையோ அதன்பின்னும் தொடரும். ஆறாவது மருந்தோடு எல்லாம் முடிந்துவிட்டதாகக் கருதி ஊசியையும் நிறுத்திவிடுதல் பெரும் பிழையாகும்.

மருந்துக்கு முந்திய நாள் இரவே டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைத் தொடங்குவது வழக்கம். ஒவ்வாமையையும் உடலில் நீர் கோப்பதையும் தடுப்பதற்காக அது தரப்படுகிறது. அதை உண்ண மறந்து வருவோர், தொலைவிலிருந்து வந்தும் மருந்து தாமதப்படக் காண்பர். மாத்திரை உண்ணவேண்டிய மணியைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் எளிய உபாயம்.

மருந்து சிரை வழியே சுமார் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் செலுத்தப்படுகிறது. டோசிடாக்சலின் சில தயாரிப்புகளில் சாராயம் கலந்திருப்பதால், அன்று தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். எனவே நோயாளி தாமே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பலாகாது. துணையொருவர் உடனிருத்தல் வேண்டும்.

மருந்து செலுத்திய பின் இரு நாட்கள் சிறுநீரிலும் மலத்திலும் மருந்தின் கூறுகள் வெளிப்படும். நோயாளி உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கவும், கழிப்பறையில் வழக்கத்தைவிட மிகுதியாக நீர் ஊற்றவும், சோப்பினால் கைகழுவவும் வேண்டும். அழுக்குத் துணியைக் கையாள்பவர் கையுறை அணியட்டும். இதற்கப்பால் அஞ்சவேண்டியது ஒன்றுமில்லை. புற்றுநோய் தொற்றுவதன்று, பேரக்குழந்தை தாத்தாவின் அருகே உட்காரலாம், உண்ணலாம்.

காய்ச்சல் விதி

இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள இயலுமாயின், அது இதுவாகவே இருக்கட்டும். மருந்து செலுத்தியபின் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிரைக் குடிக்கவல்லது. சீழ், இருமல் போன்ற வழக்கமான அறிகுறிகள்கூடத் தோன்றாமற்போகலாம். ஏனெனில் அவற்றை உண்டாக்குபவை அவ்வெள்ளணுக்களே. காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை. சார்டெட் ஆய்வில் வெள்ளணுக் குறைவுடன் கூடிய கடுங்காய்ச்சல் நூற்றுக்கு ஆறு பேருக்கு ஏற்பட்டது.

ஆகவே வீட்டில் வெப்பமானி இருத்தல் வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருத்தல் வேண்டும். வெப்பம் 100.4 பாரன்ஹீட்டை எட்டினாலோ, குளிர் நடுக்கம் கண்டாலோ, நள்ளிரவாயினும் உடனே புறப்பட வேண்டும். காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. மாத்திரை வெப்பத்தை மறைக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. பெங்களூரு தொலைவாயின் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கே செல்லலாம். அங்குச் சிகிச்சைச் சீட்டைக் காட்டி, ‘இவருக்குக் கீமோதெரபி நடக்கிறது, இது இத்தனையாம் நாள்’ என்று முதல் வாக்கியமாகக் கூறவேண்டும். கிருமிக்கொல்லி மருந்து ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கப்பெறுவதே விரும்பத்தக்கது.

காய்ச்சலுக்கு அடுத்த நிலையில் வைத்தெண்ணத்தக்கது தண்டுவட அழுத்தம். புதிதாகவோ கடுமையாகவோ முதுகுவலி தோன்றி, கால்கள் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுக்கடங்காமலோ அடைபட்டோ போனாலோ, அன்றே மருத்துவமனை சேர வேண்டும். நடக்கும் நிலையில் வந்தவரை நடமாடச் செய்வது எளிது. கால் விழுந்தபின் மீட்பது அரிது. வயதானால் முதுகு வலிக்கத்தான் செய்யும் என்ற சொல்லை இந்நோயாளிகளிடம் பயன்படுத்தலாகாது.

உணவும் உடலும்

பத்தியம் என்ற பெயரால் உணவைக் குறைப்பது தீங்கு. பருப்பு, முட்டை, மீன், பால் முதலிய புரத உணவுகள் மஜ்ஜையைத் தேற்றுவன. ராகிக் களியும் கீரையும் சுண்ணாம்புச் சத்துத் தருவன. ஹார்மோன் குறைவினால் எலும்பு மெலியுமாதலால், மருத்துவர் கூறும் அளவில் கால்சியமும் வைட்டமின்-டியும் கொள்ளல் வேண்டும். உணவு அன்றன்று சமைத்ததாகவும், நீர் காய்ச்சியதாகவும் இருக்கட்டும். நாள்தோறும் இயன்ற அளவு நடப்பது களைப்பைக் கூட்டாது, குறைக்கும். விரல்கள் மரத்துப்போதல், நகம் நிறம் மாறுதல், முடி உதிர்தல் ஆகியவை நேரும் என்பதை முன்னரே கூறிவைத்தால் நோயாளி கலங்கமாட்டார். விரல் மரப்பு மிகுந்தால் மட்டும் அடுத்த மருந்துக்கு முன் தெரிவித்தல் அவசியம்.

பேசத் தயங்கும் செய்தி

ஹார்மோன் தடுப்பினால் இச்சை குன்றும், ஆண்மை தளரும், திடீரென உடல் வெம்மை பரவி வியர்க்கும், மனம் சோர்வுறும். இவற்றை எவரும் சொல்லாது விட்டால், நோயாளி தம்மையே பழித்துக்கொள்வார். சிலர் யாருக்கும் சொல்லாமல் ஊசியை நிறுத்திவிடுவர். எனவே கணவனையும் மனைவியையும் ஒருங்கே அமர்த்தி, இது மருந்தின் விளைவு, மனிதரின் குறையன்று என்று தெளிவாகக் கூறவேண்டும். விரை அறுவையைப் பற்றிப் பேசும்போது ஊரில் வழங்கும் இழிசொற்களைத் தவிர்க்க வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

களப்பணியாளர், முதல் மருந்து நாளுக்கு முன்னரே ஒருமுறை வீட்டிற்குச் சென்று, வெப்பமானி, நாட்காட்டி, மருத்துவமனைத் தொலைபேசி எண், இரவில் வண்டி தரக்கூடியவர் பெயர் ஆகிய நான்கும் உளவா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஏழாம் நாளும் பத்தாம் நாளும் நலம் விசாரிக்க வேண்டும்.

செலவு குறித்த ஐயமே பலரை இடையில் நிறுத்துகிறது. கருநாடகத்தார்க்கு ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கருநாடகம் திட்டமும், தமிழகத்தார்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உள. மாநில எல்லையைக் கடந்து சிகிச்சை பெற விரும்புவோர், தம் அட்டை அங்குச் செல்லுமா என்பதை முதல் மருந்துக்கு முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

பெங்களூரில் தரப்படும் குறிப்புச் சீட்டு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். அதைத் தமிழில் எழுதித் தருவது ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி. பள்ளிப் பிள்ளைகளுக்கு வெப்பமானி படிக்கக் கற்றுக்கொடுத்தலும் அத்தகையதே. பல வீடுகளில் நள்ளிரவில் அதைப் படிக்கவல்லவர் அப்பிள்ளையாகவே இருக்கக்கூடும்.

மீள்பார்வை வினாக்கள்

1. ஹார்மோன் சிகிச்சையும் வேதிமருந்தும் சேர்த்தளிக்கப்படுவதன் காரணத்தை வயலின் உவமையால் விளக்குக.

2. முதல் மருந்து ஆடி 1-ஆம் நாள் செலுத்தப்பட்டால், மிகுந்த விழிப்புடன் இருக்கவேண்டிய நாட்கள் யாவை?

3. பிலிருபின் அளவு உயர்ந்திருப்பின் டோசிடாக்சல் ஏன் தரப்படுவதில்லை?

4. பத்தாம் நாள் இரவு 11 மணிக்கு நோயாளியின் வெப்பம் 100.6 பாரன்ஹீட்டாக உள்ளது. வீட்டார் காய்ச்சல் மாத்திரை கொடுக்க எண்ணுகின்றனர். நீங்கள் கூறும் அறிவுரை யாது? மருத்துவமனையில் முதலில் சொல்லவேண்டிய வாக்கியம் யாது?

5. உங்கள் ஊரிலிருந்து இரவில் சென்றடையத்தக்க அரசு மருத்துவமனை எது? அங்குச் செல்லும் வழியையும் ஆகும் நேரத்தையும் எழுதுக.